வெளியில நிக்கிற பழைய போர் விமானத்த எப்படிக் காப்பாத்துறது? மொதல் தடவையா கை வைக்கிறவங்களுக்கு

பார்க்குலயோ ரவுண்டானாவுலயோ ஒரு பழைய ஃபைட்டர் ஜெட் நிக்கும், தூரத்துல இருந்து பாத்தா பளபளன்னு இருக்கும், கிட்ட போய் அடிவயித்த அண்ணாந்து பாத்தா ரிவெட்டச் சுத்தி வெள்ளையா பூத்துக் கெடக்கும். அத பாக்குறப்பல்லாம் எனக்கு மனசு கேக்காது. பராமரிக்கணும்னு ஆசப்படுறவங்க கூட மொதல்ல பெயிண்ட் டப்பாவத்தான் தொறக்குறாங்க. பெயிண்ட் கடைசி வேலைங்க. மொதல் வேலை தண்ணிய வெளியேத்துறது. ஆனா அதுக்கும் முன்னாடி உங்க உயிரு.

தொடுறதுக்கு முன்னாடி

எஜெக்‌ஷன் சீட்டுக்குள்ள (ஆபத்துல விமானிய வெளிய தூக்கி எறியிற சீட்டு அது) வெடிமருந்து கார்ட்ரிட்ஜ் இருக்கும், சில விமானத்துல விமானி தலைக்கு மேல மூடுற கேனோபி கண்ணாடியிலயே வெடிக்கிற கயிறு ஒட்டியிருப்பாங்க, இதெல்லாம் எடுத்தாச்சுன்னு பயிற்சி எடுத்த ஆள் எழுத்துல தராம காக்பிட்டுக்குள்ள தலைய விடாதீங்க. பழைய டயல்ல முள்ளுக்கும் எண்ணுக்கும் ரேடியம் பெயிண்ட் பூசியிருக்கலாம். இருட்டுல ஒளிரலையே, செத்துப்போச்சுன்னு நெனச்சிடாதீங்க, ஒளிர்ற பொருள்தான் கெட்டுப்போயிருக்கும், ரேடியம் பாதியா கொறையவே 1600 வருஷம் ஆகும். அந்த டயலோட கண்ணாடியத் தொறக்கவே கூடாது. லேண்டிங் கியர் காலுக்குள்ள நைட்ரஜன் அழுத்தத்தோட அடைபட்டிருக்கும், அதையும் தெரிஞ்சவங்கள வெச்சுத்தான் எறக்கணும். உள்பக்கம் மஞ்சளும் பச்சையுமா ஒரு ப்ரைமர், அதாவது பெயிண்டுக்கு அடியில போடுற பூச்சு, தெரிஞ்சா அது குரோமேட்டுங்கிற ரசாயனமா இருக்க வாய்ப்பு அதிகம், புற்றுநோய் வரவைக்கும், உப்புத்தாள் போட்டு ஈரமில்லாம தேய்ச்சுடாதீங்க.

அப்புறம் விமானம் யாருக்குச் சொந்தம்னு பாருங்க. நெறைய இடத்துல அது இன்னமும் படையோட சொத்து, கடனாத்தான் நிக்குது, எழுத்துல அனுமதி வாங்கிட்டு ஒவ்வொரு எழுத்தையும் சின்னத்தையும் அளவோட போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

தண்ணி

விமானம் செய்யும்போதே அடிப்பக்கம் சின்னச் சின்ன வடிகால் ஓட்டை வெச்சுத்தான் செய்வாங்க. ஆனா அதெல்லாம் விமானம் தரையில நேரா நிக்கிற கணக்குக்கு வெச்சது. நாம என்ன பண்றோம், பறக்குற மாதிரி இருக்கணும்னு மூக்கத் தூக்கி ஒரு தூண் மேல ஏத்தி வெச்சிடுறோம். இப்ப பழைய ஓட்டை எதுவும் தாழ்வான எடத்துல இல்ல, தண்ணியெல்லாம் வால் பக்கம் போய்த் தேங்குது. நாங்க ஒரு ஜெட்டுல வேலை பாத்தப்போ, எங்களுக்கு முன்னாடி பாத்தவங்க மழை உள்ள போகக்கூடாதுன்னு மேல கீழ எல்லாத்தையும் சிலிக்கான் வெச்சு அடைச்சிருந்தாங்க, வடிகால் ஓட்டையையும் சேத்து. வாலுக்கு அடியில ஒரே ஒரு ஸ்க்ரூவக் கழட்டினோம், கறுப்புக் கசடோட தண்ணி பீச்சி அடிச்சுது, கீழ வெச்ச வாளி நெறைஞ்சும் நிக்கல. மழை நின்னு பல நாள் ஆகியிருந்துச்சு அப்போ.

அதனால மேல்பக்க இடுக்க அடைங்க, கீழ்பக்கத்த அடைக்கவே அடைக்காதீங்க. இப்ப நிக்கிற கோணத்துல எது தாழ்வோ அங்க வழி இருக்கான்னு பாருங்க, இல்லன்னா உரிமையாளர்கிட்ட கேட்டுட்டு விமானத்தத் தாங்குற உள்சட்டத்துல படாம புதுசா ஒரு ஓட்டை போடலாம். உள்ள காத்தும் ஓடணும், வெயில்ல கொதிச்சு ராத்திரி குளிரும்போது உள்ள இருக்குற ஈரமே வேர்த்துச் சொட்டும்.

பறவை

இஞ்சினுக்குக் காத்து போற வாய் (இன்டேக்), புகை வர்ற வாய் (எக்ஸாஸ்ட்), வீல் இருக்குற குழி, இதெல்லாம் கூடு கட்டுறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். எச்சம் அலுமினியத்த அரிக்கும், கூட்டுக் குப்ப ஈரத்தப் பிடிச்சு வெச்சுக்கும். பிளாஸ்டிக் வலை அடிங்க, பலகை வெச்சு மூடாதீங்க, காத்து நின்னுடும். குஞ்சு இருந்தா அது பறந்து போற வரைக்கும் பொறுங்க.

கழுவுறது

காரம் இல்லாத மிதமான சோப்பு, மெத்துனு ஒரு பிரஷ், சாதாரண ஹோஸ் பைப் போதும். பிரஷர் வாஷர் வேணாம், இடுக்குக்குள்ள தண்ணிய ஏத்திவிட்டுடும். சோப்ப கீழருந்து மேல போடுங்க, மேலருந்து கீழ அலசுங்க. கடல் பக்கம்னா உப்பு படியும், அடிக்கடி கழுவணும். கேனோபிக்கு அமோனியா கலந்த கண்ணாடி க்ளீனர் ஆகாது, அக்ரிலிக்குல மயிரிழை மாதிரி விரிசல் விழுந்து மங்கிப்போகும்.

பூத்த எடம்

ஸ்க்ரூ தலைகிட்ட பெயிண்ட் கொப்புளம் மாதிரி எழும்பியிருக்கும். பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால மெல்லத் தட்டுங்க, தோல் உரியிற மாதிரி பெயிண்ட் வரும், அடியில வெள்ளைப் பொடி, அலுமினியம் அரிச்சுப்போனதுதான் அது. ஸ்டீல் ஸ்க்ரூவும் அலுமினியமும் ஈரத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்தா அலுமினியம்தான் கரையும். இத இரும்பு பிரஷ், ஸ்டீல் உல் வெச்சுத் தேய்ச்சா இரும்புத் துணுக்கு உள்ள பதிஞ்சு நெலம இன்னும் மோசமாகும், நைலான் பேட் போதும். பெயிண்ட் இல்லாத விமானத்த சும்மா சும்மா பாலிஷ் போடவும் கூடாது. நெறைய தகட்டுல மேல சுத்த அலுமினியம் ஒரு மெல்லிசான பூச்சாத்தான் இருக்கும், தகட்டோட கனத்துல பக்கத்துக்கு கூடிப்போனா 5 சதவீதம், அதுதான் கவசம், அது தேஞ்சா அவ்ளோதான்.

உலோகம் வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்கா பிரிஞ்சு நின்னுச்சுன்னா, அதுவும் ரெக்கை உடம்போட சேர்ற எடத்துல, அங்கயே நிறுத்திட்டு ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியரக் கூப்பிடுங்க. அடியில ஜனங்க நடமாடுறாங்க.

பெயிண்டும் நிப்பாட்டுறதும்

சுத்தம் பண்ணி காஞ்ச அன்னிக்கே எபாக்ஸி ப்ரைமர், மேல பாலியூரித்தேன். டயர் மேல எடை நிக்க வேணாம், ஸ்டாண்ட் குடுங்க. ரெக்கை காத்துல தூக்குறதுக்குன்னே செஞ்சது, புயல்லயும் தூக்கத்தான் பார்க்கும், அதனால கட்டுக் கம்பியையும் தூணோட போல்ட், வெல்டையும் இஞ்சினியர் வருஷா வருஷம் பாக்கணும்.

இவ்ளோ செஞ்சாலும் சிலது வெளிய நிக்கக் கூடாது. மொஸ்கிட்டோ மாதிரி மர விமானத்த வெளிய வைக்கவே வைக்காதீங்க. மெம்ஃபிஸ் பெல்லுங்கிற அமெரிக்க பி-17 குண்டு விமானம் மொத்தம் 25 தாக்குதல 1943 மே மாசத்துல முடிச்சு முழுசாத் திரும்பினது, போருக்கப்புறம் மெம்ஃபிஸ் நகரத்துல பல வருஷம் வெளியில நின்னப்போ வெயிலும் மழையும் ஒருபக்கம், ஞாபகத்துக்குன்னு பிச்சிட்டுப் போனவங்க ஒருபக்கம்னு அத உருக்குலைச்சுட்டாங்க. 2005ல டேட்டன்ல இருக்குற விமானப்படை மியூசியத்துக்குக் கொண்டுபோய், எல்லாத்தையும் சீர் பண்ணி 2018 மே மாசந்தான் திரும்ப ஜனங்களுக்குக் காட்ட முடிஞ்சுது, இப்ப கூரைக்கு அடியில இருக்கு.

எதுவுமே செய்ய வசதி இல்லாதவங்க இத மட்டும் செய்யுங்க: அடுத்த பெரிய மழை விட்ட மறுநாள் டார்ச்சோட போய் வடிகால் ஓட்டை ஒவ்வொண்ணுக்கும் அடியில நில்லுங்க, எது சொட்டல, எது அடைச்சிருக்குன்னு எழுதுங்க, அடைச்சத நைலான் கயிறு விட்டுக் குத்திவிடுங்க.