இன், ஆன், அட்: எங்கே எதைப் போடுவது?

ராயபுரத்தில் இருக்கிறேன், பஸ்ஸில் இருக்கிறேன், ஸ்டாப்பில் நிற்கிறேன், சுவரில் பல்லி. நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே ‘இல்’ போதும். ஆங்கிலத்தில் அது மூன்றாகப் பிரிவதுதான் தொல்லை.

சுலபமானதை முதலில் முடித்துவிடுவோம். ஊர், பேட்டை, அறை, டப்பா என்று எல்லை உள்ளதற்குள் இருந்தால் இன். ஒரு பரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஆன். பல்லி தலைகீழாகத் தொங்கினாலும் ஆன் தி சீலிங்தான். தெருவுக்கு ஆன், கதவு எண் சேர்ந்தால் அட்: ‘ஐ லிவ் ஆன் எம்.சி. ரோடு’, ‘ஐ லிவ் அட் 14, எம்.சி. ரோடு’. பிரிட்டிஷ்காரர்கள் இன் தி ஸ்ட்ரீட் என்பார்கள், அதுவும் சரி.

இப்போது வண்டி. எல்லாரும் இடறும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கார், ஆட்டோவுக்கு இன்; பஸ், ரயில், மெட்ரோ, விமானத்துக்கு ஆன். உள்ளே எழுந்து நடக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். தண்டையார்பேட்டை ஷேர் ஆட்டோவில் பின்சீட்டில் நாலு பேரோடு மடங்கி உட்கார்ந்தவரால் தலையைக்கூட நிமிர்த்த முடியாது, அதனால் இன். விம்கோ நகர் மெட்ரோவில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடக்கலாம், அதனால் ஆன். பைக்கில் நடக்க முடியாதே என்றால், அதன்மேல் ஏறித்தானே உட்கார்கிறோம், ஆன்தான்.

அட் என்பது வரைபடத்தில் வைக்கிற புள்ளி. ‘ஐயாம் அட் தி ஸ்டேஷன்’ என்றால் பிளாட்பாரத்திலும் இருக்கலாம், வாசல் டீக்கடையிலும் இருக்கலாம். கட்டடத்துக்குள் என்று அழுத்திச் சொல்லவே இன். பஸ் ஸ்டாப்புக்கு எப்போதும் அட், தயவுசெய்து இன் வேண்டாம். தெருமுனை அட் தி கார்னர், அறைமூலை இன் தி கார்னர்.

சந்தேகம் வந்தால் மொழிபெயர்ப்பு ஆப் பக்கம் போகாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி இணையத்தில் இலவசம். அதில் ‘ஆன்’ என்று தேடினால் பொருள்கள் வரிசைகட்டித் தலை சுற்றும், பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். ‘ஃப்ளோர்’ போட்டால் ஆன் தி செகண்ட் ஃப்ளோர் மாதிரி வாக்கியமாகவே கிடைக்கும்.

பின்சேர்க்கை: படகுக்கு எது என்று காசிமேட்டிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். கப்பலுக்கும் பெரிய விசைப்படகுக்கும் ஆன், சின்னத் துடுப்புப் படகுக்கு இன். கட்டுமரத்துக்கு உள்ளே என்று ஒன்று ஏது? ஆன்.