இரும்புச் சட்டைக்காரரைத் தேடிப் புறக்கோட்டைக்கு

கனடாவில் இருக்கும் தங்கச்சி போன கோடையில் பிள்ளைகளை ஒரு ரெனைசான்ஸ் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். 1963இல் கலிபோர்னியாவில் தொடங்கிய பழக்கம். ஒரு திடலை ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பாவாக மாற்றி, வேடம் கட்டிக்கொண்டு, குதிரையில் ஈட்டிச் சண்டை பார்த்து, வான்கோழிக் கால் கடிப்பார்கள். வாட்ஸ்அப்பில் படம் வந்ததிலிருந்து என் ஒன்பது வயது மகன் என்னை விடவில்லை. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு குதிரை வீரனுக்கு எங்கே போவேன்?

யோசித்துப் பார்த்தால் அந்தக் காலத்து ஐரோப்பியன், போர்த்துக்கேயன், 1505இல் கொழும்புத் துறைக்கே வந்திருக்கிறான். அவனைக் கண்டவர்கள் கோட்டே அரசனிடம் போய்ச் சொன்னது ராஜாவலிய என்ற பழைய சிங்கள வரலாற்று நூலில் இருக்கிறது: இரும்புச் சட்டை, இரும்புத் தொப்பி போட்டவர்கள், ஓரிடத்தில் நில்லாதவர்கள், கல்லைக் கடித்து இரத்தம் குடிப்பவர்கள். கல் என்றது பாணை, இரத்தம் என்றது வைனை. அப்படியானால் வேடம் கட்டிக்கொண்டு புறக்கோட்டையில் ஒரு பகல் சுற்றுவதுதான் எங்கள் சந்தை. போவதற்கு முதல் நாள் இரவு இதைக் கதையாகச் சொல்லிவிடுங்கள். மற்றது தானாக நடக்கும்.

வேடம் எளிமையாக இருக்கட்டும். பிஸ்கட் பெட்டி அட்டையில் கழுத்துக்கு ஓட்டை வெட்டி, குசினியில் இருக்கும் வெள்ளித்தாளைச் சுற்றினால் இரும்புச் சட்டை. மகளுக்கு வெல்வெட் சட்டை போட்டுக் கூட்டிப்போனது என் மடத்தனம். புறக்கோட்டை வெயிலில் பத்து நிமிடத்தில் அழத் தொடங்கிவிட்டாள். பருத்திச் சட்டையும் தலைக்கு ஒரு பூவளையமும் போதும்.

நாள் பார்ப்பதுதான் முக்கியம். பிரின்ஸ் வீதியில் இருக்கும் ஒல்லாந்தர் அருங்காட்சியகம் செவ்வாய் முதல் சனி வரைதான். நான் முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை போய், பூட்டிய கதவின் முன்னால் வெள்ளித்தாள் வீரனோடு நின்றேன். போயா நாளையும் தவிருங்கள். வெள்ளவத்தையிலிருந்து காலை ரயிலில் இடப்பக்கம் உட்கார்ந்தால் கொள்ளுப்பிட்டி வரை கடல்.

அருங்காட்சியகத்தை முதலில் முடியுங்கள், உள்ளே குளிர்மை. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் ஆளுநர் தோமஸ் வான் ரே இருந்த வீடு அது. மரப்படி, தளபாடங்கள், நாணயங்கள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் பிள்ளை எவ்வளவு நேரம் நிற்கும்? அதற்கு நாங்கள் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறோம். பறங்கிச் சொல்லைக் கண்டுபிடித்தால் ஒரு புள்ளி. கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். ஒல்லாந்தனுடைய தளபாடத்துக்குப் போர்த்துக்கேயன் பெயரைத் தமிழில் சொல்லிக்கொண்டு நிற்கிறோம்! வீட்டுக்குத் திரும்பினால் குசினி, தாச்சி, துவாய், சப்பாத்து, பாண் என்று பட்டியல் நீளும். எண்ணிக்கொண்டே வந்த மாமி, “அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் தமிழ்தானே கதைச்சனாங்கள்?” என்று கேட்டார்.

அடுத்தது பிரதான வீதியும் நான்காம் குறுக்குத் தெருவும் சந்திக்கும் இடத்துக்கு நடை. அங்கே கெய்மன்ஸ் கேட் மணிக்கூண்டு சனத்துக்கு நடுவே நிற்கிறது, நிமிர்ந்து பார்க்காவிட்டால் தவறிவிடும். கெய்மன் என்றால் முதலை. கோட்டையைச் சுற்றிய நீரில் கிடந்த முதலைகளால் வந்த பெயர். மகன் சாக்கடையையெல்லாம் எட்டிப் பார்த்தான். இந்த இடத்தில் கையை இறுக்கிப் பிடியுங்கள், மூட்டை தூக்கும் நாட்டாமைமார் வண்டில் தள்ளிக்கொண்டு வரும் வேகத்துக்கு ஈட்டிச் சண்டையே தேவையில்லை. வழியில் சிவப்புப் பள்ளிவாசலையும் பார்க்கலாம். அது 1908இல் கட்டத் தொடங்கியது, எங்கள் கதைக்குப் பிந்தியது, ஆனால் மகளுக்கு அதுதான் அரண்மனை.

வுல்ஃபெண்டால் என்ற ஒல்லாந்துத் தேவாலயத்துக்கு ஓட்டோ பிடியுங்கள், மேட்டை நடந்து ஏற வேண்டாம். 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்தார்கள். பெயரின் பொருள் ஓநாய்ப் பள்ளத்தாக்கு. இலங்கையில் ஓநாய் ஏது? நரியை ஓநாய் என்று நினைத்துப் பயந்துவிட்டார்கள். இதைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் சிரிக்கும். உள்ளே சிரிப்பை அடக்கச் சொல்லுங்கள், அது இன்றும் வழிபாடு நடக்கும் இடம். தரையில் இருக்கும் கல்லறைக் கற்களில் பழைய ஆண்டுகளைத் தேட விடலாம்.

சாப்பாட்டுக்கு வான்கோழிக் கால் வேண்டாம், லம்ப்ரைஸ் இருக்கிறது. சாறில் வேகவைத்த சோறு, இறைச்சிக் கறி, உருண்டைக் கட்லட் எல்லாம் வாழையிலையில் சுற்றி ஓவனில் சுட்டது, ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் வீட்டுச் சாப்பாடு. முதல் நாளே சொல்லி வாங்கிப் பையில் வையுங்கள். கோட்டையில் பழைய ஒல்லாந்து வைத்தியசாலை 1681இலேயே இருந்த கட்டடம். 2011 முதல் உணவகங்களும் கடைகளும். அங்கே ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்துவிட்டு முற்றத்தில் ஆறுதலாக இருங்கள்.

நாலு மணிக்கு முன் ரயிலைப் பிடித்துவிட வேண்டும். “இல்லாவிட்டால் கந்தோர் விட்டு வாற சனத்துக்குள்ள நசிபடுவோம்” என்றேன். மகள் ஐஸ்கிரீம் வாயோடு, “கந்தோர்! அது ஒல்லாந்து! எனக்குப் புள்ளி!” என்று கத்தினாள்.