பூட்ஸுக்குள் சென்சார்: பனிச்சறுக்கில் சமநிலையை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பனிச்சறுக்கு பூட்ஸுக்குள் மெல்லிய சென்சார் அட்டையைப் போட்டு, எடை உள்ளங்காலில் எங்கே விழுகிறது என்று பார்ப்பது இப்போது பயிற்சியாளர்களுக்கும் எட்டியிருக்கிறது. ஆனால் அது தரும் எண்களைத் தப்பாகப் படித்தால், நன்றாகச் சறுக்குபவரையும் கெடுத்துவிடலாம்.

பெரிய தவறு, சென்சார் காட்டும் விசைதான் பனியின் மேல் இறங்கும் மொத்த விசை என்று நினைப்பது. ஓட்டக் காலணியில் அது ஓரளவு பொருந்தும். பனிச்சறுக்கு பூட்ஸோ கணைக்காலையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும் கெட்டி பிளாஸ்டிக். முன்னால் சாயும்போது கணைக்கால் பூட்ஸின் முன்பக்கத்தை அழுத்துகிறது. சுமையில் ஒரு பங்கு அந்த வழியாகவே பனிச்சறுக்குக் கட்டைக்குப் போய்விடும். உள்ளங்காலுக்கு அடியில் கிடக்கும் அட்டைக்கு அது தெரியாது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த அட்டையை பூட்ஸுக்கு அடியில் பொருத்திய விசைத் தட்டோடு (விசையை நேரடியாக அளக்கும் கருவி) ஒப்பிட்டார்கள். அட்டை 21 முதல் 54 சதவீதம் வரை குறைத்துக் காட்டியது. திருப்பத்தின் கட்டம், சரிவு, சறுக்குபவரின் திறமை என எல்லாவற்றையும் பொறுத்து அந்தக் குறைவு மாறியது. ஆகவே ஒரே எண்ணால் பெருக்கிச் சரிசெய்துவிடவும் முடியாது. முன்பாதத்தில் அழுத்தம் குறைவாகத் தெரிந்தவுடனே "பின்னால் சாய்கிறாய்" என்று சொல்லிவிடாதீர்கள். அவர் கணைக்காலால் பூட்ஸை நன்றாக அழுத்திக்கொண்டிருக்கலாம். பக்கவாட்டு வீடியோவையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அடுத்தது, அசையாமல் நிற்பவருக்கான அளவுகோலை இங்கே கொண்டுவருவது. தரையில் நிற்கும்போது அழுத்த மையம், அதாவது உள்ளங்கால் அழுத்தம் சராசரியாக விழும் புள்ளி, குறைவாக அலைந்தால் நல்லது என்பார்கள். சறுக்கும்போது அது முன்னும் பின்னும் நகரத்தான் வேண்டும். தேர்ந்தவர் திருப்பத்தின் தொடக்கத்தில் முன்னே வருவார், முடியும் நேரத்தில் அழுத்தம் குதிகால் பக்கம் போகும். அலைவு குறைவு என்பதற்காகப் பாராட்டினால், விறைத்துப்போய் நிற்பவரைத்தான் பாராட்டுவோம். அலைவு எவ்வளவு என்பதைவிட, எந்த நேரத்தில் எந்தப் பக்கம் என்பதைப் பாருங்கள்.

இடது கால், வலது கால் என்று சறுக்கு ஓட்டம் முழுக்கச் சராசரி எடுப்பதும் வீண். திருப்பத்தில் வளைவின் வெளிப்பக்கம் இருக்கும் வெளிக்கால்தான் பெரும்பாலான சுமையைத் தாங்கும், அடுத்த திருப்பத்தில் கால் மாறிவிடும். சராசரியில் இரண்டும் சமமாகத் தெரியும், பிசகு மறைந்துபோகும். முதலில் திருப்பங்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், பிறகு வெளிக்காலையும் உள்காலையும் தனித்தனியே பாருங்கள்.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். பக்கிளை இறுக்கினாலே சென்சாரில் அழுத்தம் ஏறும், எனவே ஒவ்வொரு முறையும் ஒரே துளையில் மாட்டி, காலைத் தூக்கிய நிலையில் என்ன காட்டுகிறது என்று குறித்துவையுங்கள். அறையின் வெதுவெதுப்பில் சரிபார்த்துவிட்டுக் குளிரில் அப்படியே நம்ப வேண்டாம். சென்சாரும் மாறும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு காலாலும் ஒரு குதி குதிக்கச் சொல்லுங்கள். வீடியோவையும் இரு சென்சார்களின் நேரத்தையும் அதை வைத்துப் பொருத்திக்கொள்ளலாம்.