நீறு பூத்த நெருப்பும் வேக்குவம் கிளீனரும்: சாம்பல் அள்ளுவதில் நடக்கும் தவறுகள்

உள்ளே புகைந்துகொண்டிருக்கும் கோபத்தைச் சொல்லவும் பகையைச் சொல்லவும் 'நீறு பூத்த நெருப்பு' என்று எடுத்துவிடுகிறோம். ஆனால் நிஜமான நீறும் நிஜமான நெருப்பும் கணப்பு அடுப்புக்குள் கிடக்கும்போது மட்டும் அந்தச் சொல் நினைவுக்கு வருவதில்லை. அடுப்பு அணைந்து ஒரு ராத்திரி ஆகிவிட்டது, மேலே கை வைத்தால் சில்லென்று இருக்கிறது, சரி போதும் என்று வேக்குவம் கிளீனரை இழுத்து வந்து குழாயை உள்ளே விட்டுவிடுகிறோம். சாம்பல் அள்ளுவதில் நடக்கும் எல்லாத் தவறுகளுக்கும் தாய்த்தவறு இதுதான்.

சாம்பல் நல்ல போர்வை. தன் அடியில் இருக்கும் சூட்டை வெளியே விடாது, காற்றையும் உள்ளே அதிகம் விடாது. அதனால் அடியில் கிடக்கும் கங்கு எரிந்து தீராமல், அணைந்தும் போகாமல், கஞ்சத்தனமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கனன்றபடி கிடக்கும். மூன்று நான்கு நாள்கூடத் தாங்கும் என்பது தீயணைப்புத் துறைகள் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை. நானும் இதை மிகைப்படுத்துகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு நாள் ஆறிய அடுப்பு ஒன்றை ஒருமுறை சும்மா கம்பியால் கிளறினேன். மேல் அடுக்கு வெளிர்சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி பிளந்தது, அதற்குக் கீழே கறுத்த கரித்துண்டு ஒன்று, அதைப் புரட்டியதும் அடிப்பக்கத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சிவப்பு. லேசாக ஊதினேன், ஆரஞ்சு நிறமாகப் பளிச்சென்று விழித்துக்கொண்டது. இரண்டு நாளாக அது அங்கேயே உட்கார்ந்திருந்தது, மேலே தொட்டுப் பார்த்த என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை.

இப்போது அந்தப் புளியங்கொட்டையை வேக்குவம் இழுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கங்கைப் பற்றவைக்க ஊதுகுழலும் துருத்தியும் செய்வது என்ன? காற்றைக் கொடுப்பது. வேக்குவமும் அதையேதான் செய்கிறது, ஒரே வித்தியாசம் ஊதுவதற்குப் பதில் உறிஞ்சுகிறது. குழாய்க்குள் வேகமாகப் போகும் காற்றில் கங்கு நன்றாகச் சிவந்து, காகிதப் பையும் தலைமுடியும் பஞ்சும் தூசியும் நிறைந்த பிளாஸ்டிக் வயிற்றுக்குள் போய் விழுகிறது. உடனே புகை வந்தால் அதிர்ஷ்டம். பல நேரம் அப்படி வருவதில்லை, வேலை முடித்து இயந்திரத்தை அலமாரியில் வைத்துச் சாத்திய பிறகுதான் உள்ளே மெல்லப் புகையத் தொடங்கும்.

ஆறிய சாம்பல்தானே, அதற்கு வீட்டு வேக்குவம் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது, காரணம் வேறு. விறகுச் சாம்பலின் துகள் மிக நுண்ணியது. சாதாரண ஃபில்டரின் துளைகளில் ஒரு பகுதி அடைத்துக்கொள்ளும், மீதி நுழைந்து பின்பக்கக் காற்றோடு வெளியே வரும். அடுப்பு சுத்தமாகிவிடும், ஆனால் ஜன்னல் வழியாக வெயில் விழும் இடத்தில் பாருங்கள், காற்றில் மிதக்கும் பொடி தெரியும், சாயங்காலத்துக்குள் மேஜை மேல் விரலால் பெயர் எழுதலாம். அது மட்டுமில்லை, வீட்டு வேக்குவங்கள் பெரும்பாலும் உறிஞ்சும் அதே காற்றில்தான் மோட்டாரைக் குளிரவைக்கின்றன. ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், மோட்டார் சூடாகும், தப்பி வந்த சாம்பல் பேரிங்கில் போய் உட்காரும். பட்டறையில் இருக்கும் பெரிய ஈர-உலர் வேக்குவம் தாங்கும் என்று நினைப்பதும் இதே கணக்குதான். அதன் மோட்டாருக்குத் தனிக் காற்று இருக்கலாம், வயிறு பெரிதாக இருக்கலாம், ஆனால் டப்பாவும் குழாயும் பிளாஸ்டிக், ஃபில்டரும் நெருப்புக்கு ஆனதில்லை.

சரி, சாம்பலுக்கென்றே செய்த வேக்குவம் வாங்கிவிட்டால் கவலை தீர்ந்ததா? இங்கேதான் இரண்டாவது பெரிய தவறு. பெட்டி மேல் அடுப்புப் படமும் தீச்சுவாலைப் படமும் போட்டிருப்பதைப் பார்த்து, சூடான சாம்பலையும் இழுக்கும் என்று முடிவுகட்டிவிடுகிறோம். கையேட்டைத் திறந்து பாருங்கள், பெரும்பாலானவற்றில் ஆறிய சாம்பலுக்கு மட்டும் என்றுதான் இருக்கும், 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடாது என்று எண்ணோடு போட்டிருப்பதும் உண்டு. வெதுவெதுப்பான சாம்பலைத் தாங்கும் என்று சொல்லி விற்கும் ரகங்களும் இருக்கின்றன, அவையும் கங்கை இழுப்பதற்காகச் செய்தவை அல்ல. உலோக டப்பா என்பது, நம் கண்ணுக்குத் தப்பி ஒரு பொறி உள்ளே போய்விட்டால் வீடு பற்றாமல் இருக்க ஒரு காப்பு. ஹெல்மெட் போட்டிருக்கிறோம் என்று சுவரில் போய் மோதுவோமா?

வாங்கும்போது வாட் எண்ணைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். 1,200 வாட், 800-ஐ விட நல்லது, முடிந்தது கதை. வாட் என்பது மோட்டார் தின்னும் மின்சாரம், அது உறிஞ்சும் பலம் ஆகாது, அதிலும் சாம்பல் வேலையில் பத்து நிமிடத்தில் ஃபில்டர் அடைத்துவிட்டால் எத்தனை வாட் இருந்தும் பயனில்லை. அதைவிட மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். டப்பா முழுக்க உலோகமா, இல்லை அடி மட்டும் உலோகமாக இருந்து தலை பிளாஸ்டிக்கா? குழாய் உலோகமா, குறைந்தது உள்ளே உலோகச் சுருள் வைத்ததா? பளபளக்கும் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் குழாய்கள் தூரத்துப் பார்வைக்கு உலோகம் மாதிரியே இருக்கும், நகத்தால் தட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஃபில்டர் இரண்டு அடுக்காக இருப்பது நல்லது, வெளியே தீப்பிடிக்காத கெட்டியான உறை, உள்ளே மடிப்பு மடிப்பாக நுண் ஃபில்டர். ஹெப்பா என்று எழுதியிருந்தால் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் என்ற கணக்கு பொதுவாகச் சொல்லப்படும், ஆனால் அது ஃபில்டர் தாளுக்குத்தான். அந்த ஃபில்டர் உட்காரும் ரப்பர் வளையம் சரியாகப் பொருந்தாமல் ஒரு நூல் இடைவெளி இருந்தால் சாம்பல் அந்த வழியாகச் சிரித்துக்கொண்டே போய்விடும்.

மோட்டாரே இல்லாத ரகம் ஒன்று உண்டு. வெறும் உலோக டப்பா, அதை உங்கள் வீட்டு வேக்குவத்தோடு இணைத்துக்கொள்ள வேண்டியது. விலை குறைவு, இடம் அடைக்காது, யோசனையும் மோசமில்லை. ஆனால் நடுவில் இருக்கும் ஃபில்டர் கிழிந்தாலோ, அதை மாட்ட மறந்தாலோ, எல்லாச் சாம்பலும் நேராகப் பின்னால் நிற்கும் நல்ல வேக்குவத்துக்குள். சோம்பேறித்தனம் உள்ளவர்களுக்கு, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இது வேண்டாம்.

கொள்ளளவு விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் நல்லது. மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளான பெல்லட் எரிப்பவர்களுக்கு, ஐரோப்பாவின் ஈஎன்பிளஸ் ஏ1 தரத்தில் சாம்பல் 0.7 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அப்படியானால் 15 கிலோ மூட்டை ஒன்றுக்கு அதிகபட்சம் 100 கிராம் சொச்சம், ஒரு டன்னுக்கே 7 கிலோதான். எடை குறைவு, ஆனால் பஞ்சு மாதிரி இடத்தை அடைக்கும். இன்னொன்று, டப்பாவில் 18 லிட்டர் என்று போட்டிருந்தால் 18 லிட்டரும் உங்களுக்கில்லை. ஃபில்டர் மேலிருந்து உள்ளே தொங்குகிறது, சாம்பல் அதன் அடியைத் தொடும் முன்பே கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஃபில்டர் சாம்பலுக்குள் மூழ்கி மூச்சுத் திணறும்.

பெல்லட் அடுப்பு வைத்திருப்பவருக்கும் விறகு அடுப்பு வைத்திருப்பவருக்கும் வேலை ஒன்றல்ல என்பதையும் பலர் கவனிப்பதில்லை. பெல்லட் அடுப்பில் எரிகிண்ணத்தின் துளைகள் அடைத்தால் காற்று போகாது, தீ மஞ்சளாகச் சோம்பும், கண்ணாடி கறுக்கும். அங்கே அடிக்கடி, கிண்ணத்தின் மூலைமுடுக்கு வரை உறிஞ்சத்தான் வேண்டும், ஒல்லியான முனை கட்டாயம் தேவை. விறகு அடுப்பில் அப்படித் துடைத்து வைத்தாற்போல் எடுப்பதுதான் தவறு. தட்டில்லாமல் தரையிலேயே விறகு எரியும் அடுப்புகளில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் சாம்பல் மெத்தையாகக் கிடந்தால் அடுத்த தீ சீக்கிரம் பிடிக்கும், கங்கு நின்று எரியும், அடித்தளத்துக்கும் பாதுகாப்பு. பளபளவென்று காலி செய்து விட்டு, மறுநாள் தீ பிடிக்கவில்லை என்று விறகைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

அப்புறம் இழுக்கும் முறை. நேரடியாக வேக்குவத்தில் தொடங்காதீர்கள். முதலில் கம்பியால் மொத்தச் சாம்பலையும் கிளறிப் புரட்டுங்கள், அடிவரைக்கும். லேசர் புள்ளி காட்டும் வெப்பமானி வைத்திருப்பவர்கள் அதை நீட்டி 28 டிகிரி என்று நிம்மதி அடைகிறார்கள், அது மேல்தோலைத்தான் அளக்கிறது, அடியில் இருப்பது அதற்குத் தெரியாது. கிளறியும் சந்தேகம் என்றால் இன்னொரு நாள் விடுங்கள். தண்ணீர் தெளித்து ஆற்றிவிடலாம் என்ற யோசனை வரும், வேண்டாம். சூடான செங்கல்லும் வார்ப்பிரும்பும் திடீர் ஈரத்தில் விரிசல் விடும், சாம்பல் புழுதியும் நீராவியும் முகத்தில் அடிக்கும். கிளறி முடித்ததும் பெரிய கரித்துண்டுகளையும் ஆணிகளையும் முறத்தாலோ சிறு கரண்டியாலோ எடுத்துவிடுங்கள், கரியை அடுத்த தீயில் போட்டுக்கொள்ளலாம், ஆணி குழாயின் வளைவில் போய் மாட்டிக்கொண்டால் அதன் பின்னால் எல்லாம் வரிசையாக அடைத்துக்கொள்ளும். வேக்குவத்துக்கு மிச்சமிருக்கும் பொடி போதும். முனையைச் சாம்பலுக்குள் குத்தி முக்காமல் மேலாக வைத்து இழுங்கள், காற்றோடு வந்தால்தான் சாம்பல் ஓடும். உள்சுவரில் இருக்கும், சூடு தாங்கும் வெர்மிகுலைட் பலகைகள் மிருதுவானவை, உலோக முனையால் நாலு தட்டு தட்டினால் உடைந்துவிடும். கதவைச் சுற்றியிருக்கும் கயிறு போன்ற சீலையும் உரசிப் பிய்த்துவிடாதீர்கள், அது போனால் அடுப்பு கேட்காத இடத்திலெல்லாம் காற்று இழுக்கும்.

புகைக்கரி தனி ஜாதி. சாம்பல் என்பது எரிந்து முடிந்தது. புகைபோக்கியில் ஒட்டியிருக்கும் கரி இன்னும் எரியக்கூடியது, பிசுபிசுப்பானது. ஃபில்டரில் எண்ணெய் மாதிரி அப்பிக்கொண்டால் எத்தனை குலுக்கினாலும் விழாது, போதாததற்கு அடுத்த முறை ஒரு பொறி வந்தால் அதற்குத் தீனி. பல கையேடுகள் புகைக்கரியை இழுக்கக்கூடாது என்றே சொல்கின்றன. அதே காரணத்துக்காகத்தான் இந்த இயந்திரத்தைப் பட்டறைப் பக்கம் கொண்டுபோய் மரத்தூள் இழுப்பதும் கூடாது. மரத்தூள் மிச்சம் உள்ளே இருக்க, அதன் மேல் அடுப்புச் சாம்பலை இழுப்பது கிட்டத்தட்ட விறகு அடுக்கி வைப்பதுதான். சாம்பல் வேக்குவம் சாம்பலுக்கு மட்டும்.

ஈரம் பற்றியும் ஒரு வார்த்தை. விறகுச் சாம்பல் தண்ணீரோடு சேர்ந்தால் நல்ல காரம், அந்தக் காலத்தில் சோப்பு காய்ச்சியதே இந்தச் சாம்பல் நீரில்தான். டப்பாவின் அடியில் ஈரச் சாம்பல் தங்கினால் உலோகத்தை அரிக்கும், ஃபில்டரில் தங்கினால் சிமென்ட் மாதிரி இறுகும். கழுவலாம் என்று கையேடு சொல்லாத ஃபில்டரைக் கழுவாதீர்கள், கழுவக்கூடியதானாலும் துளி ஈரமில்லாமல் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். மற்றபடி ஃபில்டரை வீட்டுக்கு வெளியே, மாஸ்க் போட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நின்று தட்டினாலே போதும். வீட்டுக்குள் ஒருமுறை தட்டிப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை தட்ட மாட்டார்கள்.

கொட்டுவதில் நடக்கும் தவறு பழையபடி நெருப்புக்கே கொண்டுபோய் விடுகிறது. ஆறிவிட்டது என்று வேக்குவத்தில் இழுத்த சாம்பலை நேராகக் குப்பைப் பையிலோ அட்டைப் பெட்டியிலோ கொட்டக்கூடாது. இறுக்கமான மூடி உள்ள உலோக வாளி, அதுவும் வெளியே, மரத்தளத்தின் மேல் இல்லாமல் கல் அல்லது கான்கிரீட் மேல். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் வீட்டிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி வைக்கச் சொல்கிறது. வாளியை வீட்டுக்குள் வைத்தால் கங்கு மிச்சமிருக்கும் சாம்பலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை கிடையாது. தோட்டத்தில் தூவுவதென்றால் வெறும் விறகுச் சாம்பலை மட்டும், அதையும் கொஞ்சமாக. நிலக்கரிச் சாம்பலும், பெயின்ட் அடித்த, மருந்தேற்றிய மரத்தின் சாம்பலும் மண்ணுக்கு வேண்டாம்.

இழுத்துக்கொண்டிருக்கும்போது இடது கையை அவ்வப்போது குழாயிலும் டப்பாவிலும் வைத்துப் பாருங்கள். சூடு தட்டினால் உடனே சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இயந்திரத்தை வெளியே தூக்கிப்போய்க் கல் தரையில் வைத்துவிடுங்கள். என்னதான் ஆயிற்று என்று மூடியைத் திறந்து பார்க்கத் தோன்றும். திறந்தால் உள்ளே இருக்கும் கங்குக்கு நீங்களே காற்று கொடுத்ததாகிவிடும், அதனால் மறுநாள் வரை மூடியபடியே கிடக்கட்டும்.