கூரை பிரமாதம், கீழே என்ன போட்டீர்கள்?

சென்ற வாரம் காட்டில் தங்கப் பழகும் நான்கு பேரோடு ஓர் இரவு இருந்தேன். ஒருவர் இருட்டில் ஈரச் சுள்ளியை ஊதி ஊதிக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். இன்னொருவர் இடுப்பில் முழங்கை நீளக் கத்தி தொங்க, அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிச்சுற்றி வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. அவர்கள் செய்த ஒவ்வொன்றையும் ஒரு காலத்தில் அவர்களைவிட மும்முரமாக நான் செய்திருக்கிறேன்.

போகுமிடத்தை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போவது, முதலுதவிப் பை, கிளம்பும்முன் தீயை அணைப்பது எல்லாம் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களும் சறுக்குகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

இருட்டிய பிறகு விறகு தேடுவது

வெளிச்சம் இருக்கும்போதே பொறுக்கிவிட வேண்டும். இது போதும் என்று தோன்றும் அளவைப்போல நாலைந்து மடங்கு சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போதும் விடிவதற்குள் தீர்ந்துபோகும். தரையில் கிடப்பது ஈரத்தை உறிஞ்சியிருக்கும், அதனால் நின்றபடியே பட்டுப்போன மரத்திலும், கிளைகளில் சிக்கித் தொங்கும் ஒடிசல்களிலும் கை வையுங்கள். ஒடித்தால் ‘டக்’கென்று முறிய வேண்டும். வளைந்து நார் உரிந்தால் அது புகைக்குத்தான் ஆகும். மழை நாளென்றால் கட்டையைப் பிளந்து நடுவைப் பாருங்கள், மேலே சொட்டச்சொட்ட நனைந்த கட்டையின் உள்ளே பெரும்பாலும் காய்ந்த மரம் இருக்கும்.

இன்னொன்று, சருகு பற்றிக்கொண்ட சந்தோஷத்தில் அதன் தலையில் மணிக்கட்டுத் தடிமன் கட்டையை வைத்து அமுக்கிவிடுகிறார்கள். தீக்குச்சித் தடிமன், பென்சில் தடிமன், கட்டைவிரல் தடிமன் என்று மூன்று குவியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்ட பிறகுதான் பற்ற வைக்கவே வேண்டும்.

ஃபெர்ரோ கம்பியோடு மல்லுக்கட்டுவது

கத்தியால் உரசித் தீப்பொறி எழுப்புகிற கம்பி இது. புதுக் கம்பியின் மேல் கறுப்புப் பூச்சு இருக்கும், அதை முதலில் சுரண்டி எடுங்கள். பூச்சோடு தேய்த்துவிட்டுப் பொறியே வரவில்லை என்று புலம்புபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பொறி வந்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. கத்தியை முன்னால் தள்ளித் தேய்த்தால், கை அப்படியே போய்ச் சிரமப்பட்டுக் குவித்த பஞ்சில் இடித்து அதைக் கலைத்துவிடும். கத்தி அசையாமல் இருக்கட்டும், கம்பியைப் பின்னால் இழுங்கள். பொறி அத்தனையும் ஒரே இடத்தில் விழும்.

பெரிய கத்தி

வேண்டாம். அலகின் நீளம் உள்ளங்கை அகலம் இருந்தால் போதும்.

கூரையைக் கட்டிவிட்டுத் தரையை மறப்பது

இதற்குத்தான் எழுதவே உட்கார்ந்தேன். அந்த நால்வரில் மூன்று பேர் இதைச் செய்தார்கள். இத்தனை வருடங்கள் கழித்தும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது, பாதி எரிச்சல் என் மீதேதான்.

என் முதல் இரவில் நண்பகலிலிருந்து பொழுது சாயும்வரை சாய்ப்புக் கூரை கட்டினேன். ஓடு வேய்வது மாதிரி கீழிருந்து மேலாக இலைக்கொத்துகளை அடுக்கி, நாலு பக்கமிருந்தும் படமெடுத்துக்கொண்டேன். கீழே ஒப்புக்கு நாலு கை சருகைத் தூவிவிட்டு மேலே கம்பளியைப் போர்த்திப் படுத்தேன். நள்ளிரவுக்கு முன்பே இடுப்பெலும்பு சில்லிட்டது, அப்புறம் தோள்பட்டை. எதிரே தீ எரிகிறது, முகம் வேகிறது, முதுகு விறைக்கிறது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கூரையில் எங்கோ காற்று புகுகிறது என்று! எழுந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கூரைக்கு இன்னும் இலை போட்டேன். கீழே கிடக்க வேண்டிய இலையை மேலே ஏற்றிய புத்திசாலி நான்.

மறுநாள் காலை தூக்கமில்லாமல் விரல்கள் மரத்திருந்த நேரத்தில் சுள்ளி சீவினேன். கத்தி நழுவி இடது ஆள்காட்டி விரலில் இறங்கியது. தழும்பு இருக்கிறது.

அதோடு திருந்தினேனா என்றால் இல்லை. அடுத்த முறை இரண்டு கம்பளி கொண்டுபோய் இரண்டையும் மேலே போர்த்திக்கொண்டு அதே மாதிரி நடுங்கினேன். பக்கத்தில் படுத்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து என் முதுகுக்கடியில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, “தம்பி, மேல இருக்கறதுல ஒண்ண எடுத்துக் கீழ போடுப்பா” என்றார். போட்டேன். விடியும்வரை தூங்கினேன்.

விஷயம் இவ்வளவுதான். நம்மைச் சூடாக வைத்திருப்பது துணியோ சருகோ அல்ல, அவற்றுக்கிடையே அசையாமல் அடைபட்டிருக்கும் காற்று. உடம்பின் எடை கீழே இருப்பதை நசுக்கி அந்தக் காற்றை வெளியேற்றிவிடுகிறது. விலை உயர்ந்த இறகுத் தூக்கப்பையானாலும் அதன் அடிப்பக்கம் வெறும் துணிதான். 37 டிகிரி உடம்பிலிருந்து தரை சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும், இழுத்தாலும் தரை சூடாகாது, அது அவ்வளவு பெரிது. தரை ஈரமாக இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் அசையாத காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். பனி பெய்தால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். நனைந்த உடம்பில் காற்றும் அடித்தால் 10 டிகிரியிலேயே உடல்வெப்பம் அபாயகரமாக இறங்கலாம். 35 டிகிரிக்குக் கீழே போனால் அது மருத்துவ அவசரநிலை. பேச்சு குழறி, பொத்தான் போட முடியாமல் ஒருவர் தடுமாறினால், தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடாதீர்கள்.

படுக்கைக்கு உங்கள் உயரத்தில் இரண்டு கட்டைகளைத் தோளகலத்துக்குச் சற்று அதிகமாக இடம் விட்டுப் போடுங்கள். சருகு கலைந்து ஓடாமல் அவை பிடித்துக்கொள்ளும். நடுவில் முதலில் காய்ந்த மெல்லிய சுள்ளிகள், அதன்மேல் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த சருகும் புல்லும். இரண்டையும் உதறிவிட்டுப் போடுங்கள், தேளும் பூரானும் இருக்க விரும்புகிற இடம் அது. இப்போது ஏறிப் படுத்துப் புரளுங்கள். முழங்கால் உயரம் நாலு விரல் உயரமாக அமுங்கியிருக்கும். எல்லாரும் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். இன்னொரு முறை நிரப்பி, இன்னொரு முறை புரளுங்கள். முழங்கையை முழு பலத்தோடு ஊன்றிப் பாருங்கள், தரை தட்டுப்பட்டால் போதவில்லை. அமுங்கிய பிறகும் ஒரு சாண் நின்றால் நிம்மதியாகத் தூங்கலாம்.

மழை வருகிற மாதிரி இருந்தால் முதலில் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிடுங்கள், பத்து நிமிட வேலை. மற்றபடி படுக்கைதான் முதலில், கூரை அப்புறம். ஃபோம் பாய் எடுத்துப்போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை, நானே சுருட்டித் தூக்கிக்கொண்டுதான் போகிறேன். ஆனால் காற்றடிக்கும் சாதாரண மெத்தையை நம்பாதீர்கள், அதன் உள்ளே காற்று தாராளமாகச் சுற்றிச் சூட்டைக் கீழே கொண்டுபோய்க் கொட்டும்.

இதை ஏன் யாரும் செய்வதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கூரை படத்தில் அழகாக விழுகிறது. படுக்கை குப்பைக்குவியல் மாதிரி தெரிகிறது.

தெளிந்த தண்ணீரை நம்புவது

பளிங்கு மாதிரி ஓடும் ஓடையின் மேல்பக்கத்தில் என்ன செத்துக்கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் இருந்தால் மூன்று நிமிடம். கிருமி போகும். வயலிலிருந்தோ ஆலையிலிருந்தோ கலந்த ரசாயனம் போகாது, அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தும் பயனில்லை.

தொடைகளுக்கு நடுவில் வைத்துச் சீவுவது

தொடையின் உட்பக்கம் ஓடும் பெரிய தமனி அறுபட்டால் சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றி, காலுக்கு அப்பால் வைத்துச் சீவுங்கள்.

காளான்

தொடாதீர்கள். சில வகைகளின் விஷம் வேகவைத்தாலும் போகாது, ஆறேழு மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

வியர்க்க வியர்க்க வேலை செய்வது

விறகு பிளக்கும்முன் மேல்சட்டையைக் கழற்றுங்கள். வியர்வையில் ஊறிய பருத்திச் சட்டையோடு ராத்திரியைக் கழிப்பது, நனைந்த துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பதற்குச் சமம்.

ஆற்றுக் கல்லை அடுப்புக்கு வைப்பது

வெடிக்கலாம்.