முதல் என்பிஎஸ் கணக்கு: எதை டிக் அடிப்பது?

பெங்களூரு அல்சூரில் இருக்கும் அக்கா மகன் என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கு தொடங்கப் போனும் கையுமாக வந்து, "மாமா, ஈ, சி, ஜின்னு கேக்குது, எதுல எவ்ளோ போடறது?" என்றான். காபி ஆறிக்கொண்டிருந்தது.

ஈ என்றால் பங்கு, சி கம்பெனிக் கடன் பத்திரம், ஜி அரசுப் பத்திரம். விகிதம் பிரித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், 'ஆட்டோ சாய்ஸ்' போதும், வயதுக்கு ஏற்ப அதுவே பிரித்துக்கொள்ளும். அதில் எல்சி 50 என்ற வகையை எடுத்தால் 35 வயது வரை பாதிப் பணம் பங்கில் இருக்கும். அப்புறம் வருடாவருடம் குறைந்து 55 வயதில் 10 சதவீதத்துக்கு வந்துவிடும். எல்சி 75-ல் முக்கால்வாசிப் பணம் பங்கில் தொடங்கி 15 சதவீதத்துக்கு இறங்கும். இவனுக்கு வயது 24, சந்தை விழுந்தாலும் எழுந்திருக்க நாள் இருக்கிறது. எல்சி 75 எடுக்கச் சொன்னேன். இறக்கத்தைப் பார்த்தால் தூக்கம் வராது என்பவர்களுக்கு எல்சி 50 தப்பில்லை.

டயர் 1 என்ற முக்கிய ஓய்வூதியக் கணக்குக்கு வருடம் 1,000 ரூபாய் கட்டினாலே போதும். ஆனால் நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. அதனால் வீட்டு அட்வான்ஸுக்கு வைத்திருக்கும் பணத்தை மட்டும் இதில் போட்டுவிடாதீர்கள். இந்த ஊரில் அதுவே லட்சத்தைத் தாண்டும்!