மெட்ரிக்கில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்கள் அடுத்துச் செய்ய வேண்டியவை

தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக் எனப்படும் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வின் முடிவுகள் ஜனவரி நடுவில், ஏறக்குறையப் பொங்கலை ஒட்டி வெளிவருகின்றன. பல்கலைக்கழகப் பதிவோ அடுத்த சில வாரங்களில் தொடங்கி முடிந்துவிடுகிறது. முடிவெடுக்கக் கிடைக்கும் இந்தக் குறுகிய அவகாசத்தின் பெரும்பகுதி, டர்பனில் இந்திய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் உறவினர்களின் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்வதிலேயே கழிந்துவிடுகிறது. எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எத்தனை ஏ? வீட்டாரின் மகிழ்ச்சிக்கு அந்த எண்ணிக்கை போதும். எங்கே, என்ன படிப்பது என்று முடிவு செய்ய அது போதாது.

ஆகவே முதலில் மதிப்பெண் பட்டியலைப் பாடவாரியாகப் படியுங்கள். 80 முதல் 100 வரை எந்த மதிப்பெண் பெற்றாலும் அது உச்சமான ஏழாம் நிலைதான், டிஸ்டிங்ஷன்தான்; உறவினர்கள் எண்ணும் ஏ அதுவே. ஆனால் கேப் டவுன் பல்கலைக்கழகம், வாழ்க்கைத்திறன் பாடமான லைஃப் ஓரியண்டேஷனை விலக்கிவிட்டு, ஆறு பாடங்களின் மதிப்பெண்களை அப்படியே கூட்டி 600க்குக் கணக்கிடுகிறது. ஆறிலும் 81 பெற்று எல்லாம் ஏ என்று கொண்டாடப்படும் மாணவிக்கு அங்கே 486தான். நான்கில் 95, இரண்டில் 78 பெற்று, 'நான்கு ஏ மட்டுந்தானா' என்று கேட்கப்படும் அவளுடைய தோழிக்கு 536. நிலைகளைக் கொண்டு புள்ளி போடும் இடங்களில் இதே வரிசை தலைகீழாகிவிடும் என்பதால், விண்ணப்பித்த ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் முறைப்படியும் தனித்தனியே கூட்டிப் பார்ப்பது நல்லது. கணிதத்துக்குப் பதிலாக எடுக்கும் எளிய பாடமான மேத்தமேட்டிக்கல் லிட்டரசியில் 95 வாங்கியிருந்தாலும் பொறியியல் கதவு திறக்காது என்பதைச் சில பெற்றோர் ஜனவரியில்தான் அறிகிறார்கள் என்பது வருத்தத்திற்குரியது.

பட்டியலில் 78 அல்லது 79 இருந்தால் மறுமதிப்பீட்டுக்கு எழுதிப் போடலாமா என்ற கேள்வி எழும். மறுகூட்டல் என்பது எல்லா விடைகளும் திருத்தப்பட்டனவா, கூட்டல் சரியா என்று மட்டும் பார்ப்பது. மறுமதிப்பீடு என்பது விடைத்தாளை மீண்டும் திருத்துவது. பெரும்பாலான பாடங்களில் 25 விழுக்காடு பள்ளியிலேயே இடப்பட்ட மதிப்பெண் என்பதால் அந்தப் பகுதியை இரண்டும் தொடாது. ஓரிரு மதிப்பெண் கூடினால் ஓர் இடமோ பர்சரி என்னும் படிப்புதவித் தொகையோ கிடைக்கும் என்ற நிலையில் மட்டும் தாமதமின்றி விண்ணப்பியுங்கள். இன்னொரு ஏ சேர்ப்பதற்காக மட்டும் என்றால் அந்தக் கட்டணம் வீண் என்பது என் கருத்து. விண்ணப்பித்தாலும், அதன் முடிவுக்காகக் காத்திருந்து கையிலிருக்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள்.

இதன்பின் பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண், இறுதித் தேர்வுக்கு ஒத்திகையான செப்டம்பர் டிரையல் தேர்வு, இறுதித் தேர்வு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். டியூஷனாலும் பழைய வினாத்தாள்களாலும் கடைசி மாதங்களில் ஏறிய பாடம் எது, யாரும் சொல்லாமலே நீங்கள் எடுத்துப் படித்த பாடம் எது என்பது அதில் தெரியும். இரண்டாவது வகைப் பாடம் 84இல் நின்றிருந்தாலும், முதல் வகையில் வந்த 92ஐவிட அதையே நம்பிப் பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். ஏனெனில் முதலாண்டுப் பாடங்களுக்கு அந்த அளவு பழைய வினாத்தாள்களும் இரா, பக்கத்தில் டியூஷன் ஆசிரியரும் இரார்.

நம் வீடுகளில் இந்தப் பேச்சு விரைவிலேயே மருத்துவத்தில் வந்து நிற்கும். அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. டர்பனில் வெள்ளையரல்லாத மாணவர்களுக்கான மருத்துவக் கல்லூரி 1951இல்தான் தொடங்கியது. அதற்கு முன், பின்னாளில் நிறவெறியை எதிர்த்துப் போராடிய மான்டி நாயக்கரும் டாக்டர் குணமும் மருத்துவம் படிக்க எடின்பரோவுக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. மறுக்கப்பட்டிருந்த படிப்பின் மேல் ஒரு சமூகத்துக்கு ஏக்கம் கூடுவது இயல்பு. ஆனால் இன்று நெல்சன் மண்டேலாவின் பெயர் தாங்கி நிற்கும் அந்தக் கல்லூரியில் இடங்கள் சில நூறுக்குள்தான். மதிப்பெண்ணோடு இனப் பிரிவும் பயின்ற பள்ளியின் பின்னணியும் கருதப்படுவதால், எல்லாப் பாடங்களிலும் டிஸ்டிங்ஷன் பெற்றவர்களும் ஆண்டுதோறும் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அந்த மறுப்புக் கடிதத்தை உங்கள் அறிவின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மறுக்கப்பட்டால் என்ன செய்வது? ஏற்கெனவே 90களில் இருப்பவர் ஓராண்டு காத்திருந்து மீண்டும் மெட்ரிக் எழுதுவதால் பெரிய பயன் இராது. ஜோகன்னஸ்பர்கின் விட்ஸ் பல்கலைக்கழகம், பட்டம் பெற்றவர்களை மருத்துவத்தின் மூன்றாம் ஆண்டில் சேர்க்கும் வழியொன்றை வைத்திருக்கிறது. ஆனால் அங்கும் போட்டி கடுமையாதலால், பின்னால் மருத்துவம் கிடைக்காமலே போனாலும் வருந்தாமல் படிக்கக்கூடிய பட்டத்தையே இப்போது தேர்ந்தெடுங்கள். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் மருந்தாக்கவியல் (ஃபார்மசி), பிசியோதெரபி, கண்பார்வைப் பரிசோதனை (ஆப்டோமெட்ரி) போன்ற படிப்புகள் இருக்கின்றன. அவற்றைத் தோற்றவர்களின் படிப்பு என்று வீட்டில் பேசுவது, சேரும் பிள்ளையின் முதலாண்டையே கெடுத்துவிடும். வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர், திரும்பி வந்தபின் சுகாதாரத் தொழில் மன்றத்தின் தேர்வில் தேறினால்தான் இங்கே மருத்துவம் பார்க்க முடியும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

பண விஷயத்தைத் தள்ளிப்போடக் கூடாது. என்எஸ்எஃப்ஏஎஸ் என்னும் அரசின் மாணவர் நிதியுதவிக்கு, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டைத் தாண்டக் கூடாது. ஓர் ஆசிரியரும் ஒரு செவிலியரும் சேர்ந்து சம்பாதிக்கும் வீடு அந்த வரம்புக்கு வெளியே போய்விடும், முழுக் கட்டணம் கட்டும் வசதியும் அதற்கு இராது. இத்தகைய வீடுகளுக்குப் பர்சரியே துணை. ஆசிரியர் பயிற்சிக்கான ஃபுன்சா லுஷாகா பர்சரி, உதவி பெற்ற ஆண்டுகளின் அளவுக்கு அரசுப் பள்ளியில் பணிபுரியக் கோருகிறது; நிறுவனங்கள் பலவும் இதே போன்ற நிபந்தனையை விதிக்கின்றன. ஒரு பாடத்தில் தவறினால் என்ன ஆகும், படிப்பை மாற்றினால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா, விடுதிச் செலவும் அடங்குமா என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் கண்டுபிடித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

குவாசுலு-நட்டாலில் மைய விண்ணப்ப அலுவலகம் வழியாக விண்ணப்பித்தவர்கள், முடிவு வந்த அன்றே அங்குள்ள தங்கள் நிலையைப் பார்த்துவிட வேண்டும். நிபந்தனையுடன் கிடைத்த இடம் உறுதியானதா என்பதை அங்கேதான் அறியலாம்; உறுதியான இடத்தையும் குறித்த தேதிக்குள் ஏற்காவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். தேர்வுச் சான்றிதழ்களுக்குப் பொறுப்பான உமலுசி அமைப்பு வழங்கும் அசல் சான்றிதழ் பல மாதங்களுக்குப் பிறகே வருமாதலால், பள்ளியில் கொடுத்த மதிப்பெண் பட்டியலையும் அடையாள அட்டையையும் காவல் நிலையத்தில் சான்றொப்பமிட்டுச் சில படிகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.